ரேலி என்றால் எந்த ரேலி?

போர்க்களத்தில் சிதறி ஓடுகிறவர்களுக்காகப் பிறந்த சொல் இது. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்களில் துப்பாக்கிப் புகை மண்டிவிட்டால், பத்தடி தள்ளி நிற்பவன் நம்மவனா எதிரியா என்றே தெரியாது. குதிரைப்படை பாய்ந்து வந்து வரிசையை உடைத்துவிட்டால் காலாட்கள் திசைக்கொருவராக ஓடுவார்கள். தளபதிக்கு அப்போது எதிரியைத் துரத்துவதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. ஓடுகிறவர்களை மடக்கி, கொடி நிற்கும் இடத்துக்கு வரவழைத்து, மறுபடி வரிசையில் நிறுத்த வேண்டும். இந்த வேலைக்காக ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்தான் ரேலி. முதலில் வினைச்சொல்லாக வந்தது, அதே நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாகவும் ஆகிவிட்டது.

பழைய படைகள் கொடிக்காக உயிரைக் கொடுத்ததற்கும் இதுதான் காரணம். கொடி வெறும் கௌரவச் சின்னமாக இருக்கவில்லை. காது செவிடாகும் சத்தத்திலும் கண் எரியும் புகையிலும் 'எங்கே போய் நிற்பது?' என்ற கேள்விக்கு அது ஒன்றுதான் பதில். கொடி விழுந்தால் திரும்பி வருவதற்கு இடமே கிடையாது. துப்பாக்கிகளின் வீச்சு கூடக் கூட, உயரத் தூக்கிப் பிடித்த கொடி எதிரிக்கு நல்ல குறியாகிப் போனது. 1881இல் தென்னாப்பிரிக்காவின் லெய்ங்ஸ் நெக் சண்டைதான் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று தன் கொடியைப் போர்க்களத்துக்குள் கொண்டுபோன கடைசி முறை.

பிரெஞ்சில் இந்தச் சொல் 'ராலியே'. முன்னால் 'மறுபடியும்' என்று பொருள் தரும் ஒட்டு, பின்னால் 'ஒன்றுசேர்' என்ற வினை. அந்த வினையைத் தோண்டிக்கொண்டே போனால் கட்டு, பிணை என்ற பொருளுள்ள லத்தீன் வேர் கிடைக்கும். கூட்டணியைக் குறிக்கும் 'அலையன்ஸ்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். ஆனால் கூட்டணிக்கு இல்லாத ஒரு பகுதி ரேலிக்கு உண்டு, அந்த 'மறுபடியும்'. யாரும் சிதறாமல், எதுவும் விழாமல், ஆதியில் ரேலி இல்லை.

இன்று இதற்கு அரை டஜன் அர்த்தங்கள் இருக்கின்றன. அகராதியில் எண் போட்டு அடுக்கியிருப்பதைப் படித்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும். என் வழி வேறு. சில இடங்களில் 'மறுபடியும்' இன்னும் உயிரோடு இருக்கிறது. சில இடங்களில் அது உதிர்ந்துபோய் 'கூடுவது' மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னும் சில இடங்களில் இரண்டுமே போய்விட்டன. இந்த மூன்றில் எது என்று பார்த்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

'மறுபடியும்' நன்றாக உயிரோடிருக்கும் இடம் பங்குச்சந்தை. ஆனால் அங்கேதான் அதை அதிகமாக மறந்துவிடுகிறார்கள். குறியீடு நாலு நாள் ஏறினாலே ரேலி என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். விழுந்த பிறகு மீண்டு ஏறுவதுதான் இதன் பழைய பொருள். எந்தச் சரிவும் இல்லாமல் தொடர்ந்து ஏறுவதையும் இப்போது அப்படியே சொல்கிறார்கள், அது வழக்கத்துக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் 'ரேலி' என்று படித்ததும், இதற்கு முன் எவ்வளவு விழுந்தது என்று கேட்கும் பழக்கம் போய்விட்டதே, அதுதான் நஷ்டம்.

1929ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தையைப் பாருங்கள். டவ் ஜோன்ஸ் குறியீடு செப்டம்பர் 3 அன்று 381.17 என்ற உச்சத்தில் முடிந்தது. அக்டோபரில் நடந்த வீழ்ச்சி எல்லாரும் அறிந்தது. நவம்பர் 13 அன்று குறியீடு 198.69. கதை இத்தோடு முடிந்ததாகத்தான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அங்கிருந்து ஓர் அற்புதமான ரேலி கிளம்பியது. 1930 ஏப்ரல் 17 அன்று 294.07, அதாவது ஐந்தே மாதத்தில் 48 சதவீத ஏற்றம். கெட்ட காலம் கழிந்துவிட்டது என்று நம்பிப் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் ஏராளம். 1932 ஜூலை 8 அன்று குறியீடு 41.22. முதல் வீழ்ச்சியில் தப்பி, ரேலியை நம்பி ஏப்ரலில் உள்ளே போனவருக்கு 100இல் 14 மிஞ்சியது. 1929இன் உச்சத்தை அந்தக் குறியீடு மறுபடி தொட்டது 1954இல்தான்.

இந்த மாதிரி ஏற்றத்துக்குக் கரடிச் சந்தை ரேலி என்று பெயர். கொஞ்சம் குரூரமாக, ஏமாளிகளின் ரேலி என்றும் சொல்வதுண்டு. சந்தை ஒட்டுமொத்தமாகச் சரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் இது ஏன் வருகிறது? ஒரு காரணம் புரிந்துகொள்ள எளிதானது. விலை விழும் என்று எதிர்பார்ப்பவர்கள் பங்கைக் கடன் வாங்கி விற்றுவைப்பார்கள். விழுந்த பிறகு மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் நடுவில் உள்ளது லாபம். சின்னதாக ஒரு நல்ல செய்தி வந்து விலை லேசாக ஏறினாலும் இவர்களுக்குப் பதற்றம் வந்துவிடும். கடனைத் தீர்ப்பதற்காக அவசரமாக வாங்குவார்கள். அந்த வாங்கல் விலையை இன்னும் ஏற்றும். அதைப் பார்த்து அடுத்தவர் வாங்குவார். இதைத்தான் ஷார்ட் கவரிங் ரேலி என்கிறார்கள். வாங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கம்பெனி மேல் நம்பிக்கையே இருக்காது, கடன் கழுத்தை நெரிப்பதால் வாங்குவார்கள். அதனால்தான் சரிவு காலத்து ரேலிகள் நல்ல காலத்து ஏற்றத்தைவிடச் செங்குத்தாக இருக்கின்றன. பார்க்கிறவருக்கோ அந்தச் செங்குத்தே பலத்தின் அடையாளமாகத் தெரிகிறது.

மருத்துவமனை வழக்கிலும் இதே ரேலிதான். கவலைக்கிடமாக இருந்த நோயாளி தேறினால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்கள் இதற்கு இன்னும் குறுகலான ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். பல நாளாகப் பேச்சில்லாமல் கிடந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, சாப்பாடு கேட்பார். ஓரிரு நாளில் உயிர் பிரிந்துவிடும். அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று நம் வழக்கில் சொல்வது இதைத்தான். மறதி நோய் முற்றியவர்களிடம் கடைசி நேரத்தில் இப்படித் தெளிவு திரும்புவதை ஜெர்மன் உயிரியலாளர் மைக்கேல் நாம் 2009இல் 'இறுதித் தெளிவு' என்ற பெயரில் விவரித்தார். அது ஏன் நடக்கிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் உறுதியான விளக்கம் இல்லை. ஆகவே மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் ரேலி என்று சேதி வந்தால், அது குணமா கடைசிச் சுடரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேஸ்பாலிலும் 'மறுபடியும்' கெட்டியாக ஒட்டியிருக்கிறது. பின்தங்கிய அணி ஒரே இன்னிங்ஸில் மளமளவென்று ரன் சேர்த்தால் அது ரேலி. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1986இன் ஆறாவது ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 3-5 என்று பின்தங்கி, இரண்டு பேர் அவுட்டாகி, களத்தில் ஓடக் காத்திருக்க ஒருவர்கூட இல்லாத நிலைக்கு வந்தது. இன்னும் ஒரு அவுட், எதிரணியான பாஸ்டனுக்குக் கோப்பை. அங்கிருந்து மூன்று ரன் எடுத்து மெட்ஸ் வென்றது, பிறகு ஏழாவது ஆட்டத்தையும் தொடரையும். அந்தக் காலத்தில்தான் அணி பின்தங்கும்போது தொப்பியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் 'ரேலி தொப்பி' பழக்கம் பிரபலமானது. பகுத்தறிவுக்கு ஒத்து வராததுதான், ஆனால் ரசிகனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

அப்புறம் அரசியல். இங்கே 'மறுபடியும்' உதிர்ந்துவிடுகிறது. ஆதரவாளர்கள் எங்கேயும் சிதறி ஓடவில்லை, தலைவர் பேச்சைக் கேட்கக் கூடுகிறார்கள், அவ்வளவுதான். தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தின் பொது வழக்கில் ரேலி ஓரிடத்தில் நிற்கும் கூட்டம். நகர்ந்து போவதற்கு 'மார்ச்' என்று தனிச்சொல் இருக்கிறது. நாம் ரேலிக்குப் போடும் 'பேரணி'யோ அணிவகுத்து நடப்பது. இந்திய ஆங்கிலத்திலும் ரேலிக்குக் கால் முளைத்துவிட்டது, பைக் ரேலி, விழிப்புணர்வு ரேலி எல்லாம் சாலையில் போகிறவை. அதனால் அமெரிக்கத் தேர்தல் செய்தியில் வேட்பாளரின் ரேலி என்று வந்தால், உள்விளையாட்டு அரங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களை நாம் தெருவில் நடக்க வைத்துவிடுகிறோம். அங்கே பொதுக்கூட்டம் என்பதுதான் சரி.

ஒரே நிகழ்ச்சியில் இரண்டும் இருப்பதும் உண்டு. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். வாஷிங்டன் நினைவுத்தூணிலிருந்து லிங்கன் நினைவிடம் வரை நடந்தார்கள், அது பேரணி. நினைவிடத்தின் படிகளுக்கு முன்னால் நின்று மார்ட்டின் லூதர் கிங் பேசியதைக் கேட்டார்கள், அது ரேலி. நடந்த தூரம் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவுதான், பேச்சுகளும் பாட்டுகளும்தான் மணிக்கணக்கில் நீண்டன. வரலாற்றில் மட்டும் 'மார்ச்' என்ற பெயரே நின்றுவிட்டது.

ஹிட்லரின் நாஜிக் கட்சி நடத்திய, நியூரம்பெர்க் ரேலிகள் என்று ஆங்கில நூல்கள் சொல்பவற்றுக்கு ஜெர்மனில் இருந்த பெயர் 'கட்சி நாள்' என்ற பொருள் தருவது, நம் மாநாட்டுக்கு நெருக்கமானது. 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் நடந்தன. ஆட்களைக் கூட்டுவதைவிட, கூடியவர்களைக் காட்சிப்பொருளாக்கிப் படம்பிடிப்பதற்கே அங்கே அதிக உழைப்புப் போனது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பேர் நூற்றுக்கும் மேற்பட்ட விமான எதிர்ப்பு விளக்குகளை வானத்தை நோக்கி நிறுத்தி, ஒளியாலேயே தூண்கள் எழுப்பினார். 1939 செப்டம்பரில் நடக்கவிருந்ததற்கு 'அமைதி மாநாடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். செப்டம்பர் 1 அன்று அவர்களே போலந்துக்குள் புகுந்தார்கள், மாநாடு ரத்து.

கொடியோடு இருந்த பழைய உறவு அரசியலில் வேறொரு உருவத்தில் திரும்பி வந்தது. நாட்டுக்கு வெளியிலிருந்து ஆபத்து என்றதும் மக்கள் கட்சி பார்க்காமல் ஆட்சியில் இருப்பவர் பின்னால் அணிதிரள்வதை, அரசியல் அறிஞர் ஜான் முல்லர் 1970இல் 'கொடியைச் சுற்றித் திரளும் விளைவு' என்று ஆராய்ந்து எழுதினார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன் காலப் கருத்துக்கணிப்பில் ஜார்ஜ் புஷ்ஷுக்கு 51 சதவீத ஆதரவு இருந்தது. தாக்குதலுக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் அது 90. இந்த ஏற்றம் நிலைப்பதில்லை என்பதையும் முல்லர் முன்பே கவனித்திருந்தார். புஷ் 2008இல் 30ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடந்தார்.

கட்சியின் பெயரிலேயே ரேலி வருவதும் உண்டு. பிரான்ஸில் டி கால் 1947இல் தொடங்கிய கட்சியை ஆங்கிலத்தில் 'பிரெஞ்சு மக்களின் ரேலி' என்றார்கள். மரீன் லு பென்னின் கட்சி 2018இல் பெயரை மாற்றிக்கொண்ட பிறகு ஆங்கிலத்தில் அதுவும் 'நேஷனல் ரேலி'. இதைத் 'தேசியப் பேரணி' என்று எழுதினால், ஒரு கட்சி ஊர்வலம் போவதாகத்தான் படிக்கிறவருக்குத் தோன்றும். பிரெஞ்சு மூலத்தில் இருப்பது திரட்டு, ஒன்றுசேர்ப்பு என்ற பொருள். 'தேசிய அணிதிரள்வு' என்பது காதுக்குப் புதிதுதான், ஆனாலும் அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அரசியலே இல்லாமலும் கூடலாம். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் ரேலி நடந்தது, சுமார் 11,000 பையன்கள். அவர்களுக்கு நடுவே சாரணர் தொப்பி அணிந்து சில பெண்பிள்ளைகளும் அழைப்பில்லாமல் வந்து நின்றார்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அதற்குச் சொல்லவேண்டியிருந்த பதில்தான் அடுத்த ஆண்டு உருவான பெண் சாரணர் இயக்கம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஸ்டர்ஜிஸ் என்ற சின்ன ஊரில் 1938 முதல் நடக்கும் மோட்டார் சைக்கிள் ரேலிக்கு இப்போது லட்சக்கணக்கில் பைக்குகள் வருகின்றன. அதுவும் பந்தயமல்ல, சந்திப்பு.

பந்தயம் என்றால் கார் ரேலி. அதுவும் சந்திப்பாகத்தான் தொடங்கியது. 1911 ஜனவரியில் முதல் மோன்டே கார்லோ ரேலிக்கு 23 கார்கள் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து புறப்பட்டன. பாரிஸ், பெர்லின் என்று எங்கிருந்து கிளம்பினாலும், எல்லாம் வந்து கூடவேண்டிய இடம் மொனாக்கோ. ரேலி என்ற பெயர் அந்தக் கூடுதலைக் குறித்தது. குளிர்காலத்தில் பணக்காரர்களைத் தங்கள் ஊருக்கு இழுப்பதுதான் ஏற்பாட்டாளர்களின் உள்நோக்கம். மதிப்பெண்ணில் வேகம் மட்டுமல்ல, காரின் அழகு, பயணிகளின் வசதி, வந்து சேர்ந்தபோது வண்டி இருந்த நிலை எல்லாம் சேர்ந்தன. பாரிஸிலிருந்து வந்த ஆன்றி ரூஜியே வென்றார். வேகமாக ஓட்டிவந்த மற்றவர்கள் கொதித்துப்போனதில் வியப்பில்லை.

இன்றைய ரேலிக்கு அந்தக் கூடுதல் நினைவில் இல்லை. ஆனால் வட்டத் தடத்தில் ஓடும் ஃபார்முலா பந்தயத்திலிருந்து இதைப் பிரிக்கும் குணங்கள் அந்தப் பயணக் காலத்து மிச்சம்தான். கார்கள் ஒன்றையொன்று முந்த ஓடுவதில்லை. ஓரிரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிடுகின்றன. மூடப்பட்ட சாலைப் பகுதிகளில் அசுர வேகம், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு நம்பர் பிளேட்டோடு சாதாரணப் போக்குவரத்தில், சிக்னலில் நின்று, வேக வரம்பை மதித்து ஓட்டவேண்டும். நேரக் கட்டுப்பாட்டு இடத்துக்குத் தாமதமாக வந்தால் தண்டனை உண்டு என்பது புரியும். சீக்கிரம் வந்தாலும் தண்டனை உண்டு, அதுவும் பெரிது. உலக ரேலி போட்டிகளில் ஒரு நிமிடத் தாமதத்துக்கு 10 நொடி அபராதம், ஒரு நிமிடம் முந்தி வந்தால் ஒரு முழு நிமிட அபராதம்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் இன்னும் சுவாரசியமானவர். போட்டிக்கு முன்பே இருவரும் பாதையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு திருப்பத்துக்கும் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். பரவலான முறையில் 1 என்றால் மிகக் கூர்மையான திருப்பம், 6 என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக்கூட எடுக்கவேண்டாத லேசான வளைவு. போட்டியில் துணை ஓட்டுநர் குனிந்து அந்தக் குறிப்பேட்டைப் படித்துக்கொண்டே வருவார். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது, காதில் விழும் எண்ணை நம்பித்தான் மிதிக்கிறார். ஒரு வரி தவறிப் படித்தால் கார் மரத்தில்.

இந்தக் கார் ரேலியிலிருந்து நாய் ரேலி ஒன்றும் கிளைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தடத்தில் வரிசையாக அட்டைகள் இருக்கும். 'இடப்பக்கம் திரும்பு', 'உட்காரச் சொல்' என்று அட்டையில் உள்ளதை நாயும் வளர்ப்பவரும் செய்துகொண்டே போகவேண்டும். அமெரிக்கன் கென்னல் கிளப் 2005இல் இதற்குப் பட்டம் தரத் தொடங்கியது. தோற்ற படையைத் திரட்டக் கிளம்பிய சொல் இங்கே வந்து நிற்கிறது.

கடைசியாக வலைக்கு இருபுறமும் நடக்கும் ரேலி. இங்கே கூடுவதும் இல்லை, மீள்வதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டுக் குத்துச்சண்டை வழக்கில் இருவரும் நிறுத்தாமல் மாறி மாறி அடித்துக்கொள்வதை ரேலி என்றார்கள், அதற்குப் பின் 1880களில் டென்னிஸுக்கு வந்தது. வாய்ச்சண்டையாகக் கேலி செய்துகொள்வதற்கும் ஆங்கிலத்தில் பழைய ரேலி ஒன்று உண்டு. அதன் வேர் வேறொரு பிரெஞ்சுச் சொல், உருவம் மட்டும்தான் ஒன்று.

வாலிபாலிலும் பேட்மிண்டனிலும் சர்வீஸ் போட்டவருக்குத்தான் புள்ளி என்று ஒரு காலம் இருந்தது. மூச்சிறைக்க நீண்ட ரேலியை எதிரணி வென்றால் அதற்குக் கிடைப்பது சர்வீஸ் மட்டும், பலகையில் எண் நகராது. ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாததால் தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தலைவலி. வாலிபால் 1999இல் ரேலிக்கு ஒரு புள்ளி என்று மாறியது, பேட்மிண்டன் 2006இல் 21 புள்ளி முறைக்கு வந்தது.

டேபிள் டென்னிஸ் இதைவிட மோசமான அனுபவத்தில் பாடம் கற்றது. 1936 பிராகா உலகப் போட்டியில் போலந்தின் எர்லிஹும் ருமேனியாவின் பானெத்தும் ஆடியபோது முதல் புள்ளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. இருவருமே தடுத்தாடுகிறவர்கள், முதலில் அடிக்க இருவருக்கும் மனமில்லை. பந்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டதால் நடுவரை மாற்றவேண்டியதாயிற்று. இன்றைய விதிப்படி ஒரு கேம் 10 நிமிடம் ஓடியும் 18 புள்ளிகூட எடுக்கப்படவில்லை என்றால் துரித முறை அமலுக்கு வரும். அதன்பின் சர்வீஸை எதிர்கொள்பவர் 13 முறை பந்தைத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கு.

டென்னிஸில் அப்படி ஒரு விதி கிடையாது. 1984 செப்டம்பரில் அமெரிக்காவின் ரிச்மண்டில் விக்கி நெல்சனும் ஜீன் ஹெப்னரும் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளிக்குப் பந்து வலையை 643 முறை தாண்டியது. அங்கிருந்த செய்தியாளர் ஒருவர் எண்ணியது அது, நேரம் 29 நிமிடம். இரண்டாவது செட்டில் சமநிலையை முறிக்க ஆடிய டை-பிரேக்கில் வந்த புள்ளி அது. கடைசியில் புள்ளியை வென்ற நெல்சன் காலில் தசை பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்தார். அடுத்த புள்ளிக்கு வர நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று நடுவர் அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார். 6 மணி 31 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தை நெல்சன் 6-4, 7-6 என்று வென்றார்.